மின்கம்பியும் மனைமரமும்

மரம் வெட்ட வந்தவர் அயலார் ஒருவராயின் அவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிடலாம். மின்சார நிறுவனத்தின் ஆளாக வந்தால் நிலைமை வேறு. ‘என் மனை, என் மரம்’ என்னும் சொல் அங்கே முழுவதும் செல்லாது. முற்றும் செல்லாமற் போவதும் இல்லை. எந்த அளவுக்குச் செல்லும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. சாலாக் செலாத்தான் போன்ற பழைய குடியிருப்புகளில் வேலியோரத்து மாவும் ரம்புத்தானும் தென்னையும் கம்பியை நோக்கி வளர்ந்து நிற்பதைக் காண்கிறோம். ஆதலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

கம்பிக்கும் மரத்துக்கும் பகை ஏன்? மின்னோட்டம் மிகும்போது கம்பி சூடேறி நீளும், நீண்டால் நடுவே தொய்யும், காற்றடித்தால் ஊசலாடும். உறையில்லாத உயர் அழுத்தக் கம்பியில் கிளை உரசினால் பொறி பறக்கும். ஈரம் மிகுந்த நம் நாட்டில் அதனால் மின்தடை நேரும்; கிளையைத் தொட்டவர் உயிருக்கும் ஆபத்து உண்டு. கிள்ளானை அடுத்த ஜொஹான் செத்தியாவில் தீப்பற்றும் செய்தியை இதனோடு குழப்புதல் ஆகாது. வடிகால் வெட்டி வறண்ட சதுப்பு நிலத்தில் எரியும் தீ அது, கம்பியின் குற்றமன்று.

கம்பியால் காடே எரிந்த கதை கலிபோர்னியாவினது. 2021 ஜூலையில் மரமொன்று மின்கம்பியில் சாய்ந்து மூண்ட ‘டிக்ஸி’ தீ, 9 லட்சத்து 60 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்நாட்டுச் சட்டம், காட்டுத்தீ அஞ்சும் நிலங்களில் 2,400 வோல்ட்டுக்குக் குறையாமலும் 72,000 வோல்ட்டுக்கு உட்பட்டும் உள்ள கம்பியைச் சுற்றி 4 அடியும், 1,10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எனில் 10 அடியும் வெற்றிடம் கேட்கிறது. அதற்காக உரிமையாளர் இசைவின்றியும் நிலத்தில் நுழையலாம். ஆனால் முன்னறிவிப்பு தந்து, அவர் சொல்வதைக் கேட்க வாய்ப்பளித்த பின்னரே நுழையலாம். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2018-இல் 85 பேரைப் பலிகொண்ட ‘கேம்ப்’ தீக்குக் காரணம் மரமன்று. தேய்ந்து முறிந்த பழைய இரும்புக் கொக்கியே. எல்லாப் பழியையும் மரத்தின் தலையில் கட்டுதல் தகாது.

நம் நாட்டில் இதற்குரியது 1990-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டம். அதில் இரண்டு கட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, தனியார் நிலத்தில் புதிதாகக் கம்பமும் கம்பியும் அமைக்கும் கட்டம். அப்போது என்ன செய்யப்போகிறார்கள் என்பதை விளக்கி அறிவிப்புத் தரவேண்டும். அது கிடைத்த 14 நாளுக்குள் மாவட்ட நில நிர்வாகியிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவர் விசாரணை நடத்துவார். இரண்டாவது, பின்னாளில் பராமரிக்க வரும் கட்டம். 13-ஆம் பிரிவின்படி, தக்க நேரத்தில் உள்ளே வந்து மரத்தை வெட்டவோ கிளையை நறுக்கவோ நிறுவனத்துக்கு உரிமையுண்டு. ஆட்சேப விசாரணை முதற்கட்டத்துக்கே உரியது. எனினும் இயன்றவரை குறைந்த சேதமே செய்யவேண்டும். நேர்ந்த சேதத்துக்கு முழு இழப்பீடும் தரவேண்டும். இழப்பீட்டுத் தொகையில் இணக்கம் ஏற்படாவிடின் நில நிர்வாகியை அணுகலாம். நம்மவரோ முதல் அறிவிப்பை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, வாள் வந்தபின் வாதாடுகிறோம்!

இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது: மரம் முந்தியதா, கம்பி முந்தியதா? கம்பி வருமுன்பே நின்ற மரமாயின், அதனை அகற்ற ஆணையிடும் நடுவர் இழப்பீடும் விதிக்கவேண்டும் என்கிறது 68-ஆம் பிரிவு. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலேயே கண்ட நெறி இது. மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் ‘மரம்’ என்னும் சொல் புதரையும் வேலிச்செடியையும் உள்ளடக்கும்.

தமிழாசிரியர்க்குத் தொல்காப்பிய மரபியல் இங்கே நினைவுக்கு வரும். அகத்தே வைரமுடையது மரம், புறத்தே வைரமுடையது புல் என்பது அதன் பாகுபாடு. தெங்கும் பனையும் கமுகும் புல்லினத்தைச் சேரும். பழம்புலவர் பாகுபாடு இன்றைய மனைக்காரர்க்கு எதற்கு என்று கேட்கலாம். பயன் உண்டு. மாவையும் ரம்புத்தானையும் கவாத்துச் செய்தால் மீண்டும் தழைக்கும். தென்னைக்கோ செம்பனைக்கோ வளரும் இடம் உச்சிக் குருத்து ஒன்றே. அதனை நறுக்கினால் மரம் பட்டுவிடும். ஆகவே ‘நுனியை மட்டும் கழித்தோம்’ என்னும் பேச்சு தென்னை வகையில் பொருந்தாது. அது மரத்தை வீழ்த்தியதற்கே சமம்; இழப்பீட்டையும் அவ்வாறே கேட்கவேண்டும். மட்டையைக் கழித்தல் வேறு, குருத்தை வெட்டுதல் வேறு என்பதை வேலையாளிடம் முன்பே சொல்லிவிடுதல் நன்று.

மரம் எத்தனை, எவ்வகை, எவ்வளவு காய்ப்பு என்பதை நாளிட்டு எழுதிப் படமும் எடுத்து வைத்திருப்பவர்க்கே விசாரணையில் பேச வழியுண்டு. தோட்டத்து லயங்களில் நிலம் ஒருவரது, தென்னையை நட்டு நீர் ஊற்றியவர் வேறொருவர். அறிவிப்பு நிலத்துக்காரருக்குப் போகும். காய்ப்பை இழப்பவர் லயத்துக்காரர். புதிய கம்பி அமைப்பதைப் பற்றிய 11-ஆம் பிரிவு, இழப்பீடு பெறுவோரை நிலவுரிமையாளர் என்று சுருக்காமல், அக்கறையுள்ள அனைவரும் என்றே சொல்கிறது. தென்னையை நட்டவர் தம் பெயரையும் சேர்த்து நில அலுவலகத்துக்கு எழுதவேண்டியது அந்தச் சொல்லைக் கொண்டுதான்.