பச்சைச் சட்டைக்கு ஒரு மலைப்பாதை

பந்தயம் என்றதும், எல்லைக்கோட்டை முதலில் தொடுபவரே வெற்றியாளர் என்று நாம் எண்ணுகிறோம். மூன்று வாரம் நீளும் சைக்கிள் பந்தயத்தில் கணக்கு அவ்வளவு எளிதன்று. நார்வே நாட்டு வீரர் தோர் ஹுஷோவ்டின் வாழ்க்கையைப் பார்த்தால் இது நமக்கு நன்கு விளங்கும்.

நார்வே பனிச்சறுக்குக்குப் பெயர்போன நாடு. அதன் தென்கரையிலுள்ள கிரிம்ஸ்டாட் என்னும் சிறு நகரில் 1978-ஆம் ஆண்டு ஹுஷோவ்ட் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது, டாக் ஓட்டோ லாவ்ரிட்சன் என்பவர் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் நார்வேக்காரர் ஆனார். 1998-இல் ஹுஷோவ்ட், 23 வயதுக்குட்பட்டோருக்கான தனிநபர் நேர ஓட்டத்தில் உலகப் பட்டம் பெற்றார். 2000-இல் ஒரு பிரெஞ்சுக் குழுவில் தொழில்முறை வீரராகச் சேர்ந்தார்.

டூர் டி பிரான்ஸில் நாளுக்கு ஓர் ஓட்டம் வீதம் ஏறத்தாழ 21 ஓட்டங்கள் உண்டு. எல்லா ஓட்டங்களையும் மிகக் குறைந்த மொத்த நேரத்தில் முடிப்பவருக்கு மஞ்சள் சட்டை. இதனைத் தவிர, புள்ளிகளுக்கென்று பச்சைச் சட்டை ஒன்று உண்டு. 2009-இல் இருந்த விதிப்படி, சமவெளி ஓட்டத்தின் முடிவில் முதலாவதாக வந்தவருக்கு 35 புள்ளிகள், அடுத்தவருக்கு 30, இவ்வாறு 25-ஆம் இடம் வரை கிடைத்தன. வழியிடையே குறித்த சில இடங்களை முதலில் கடந்தவருக்கும் அப்போது 6 புள்ளிகள் கிடைத்தன.

ஆகவே, ஒருநாள் வென்று மறுநாள் பின்தங்குபவரைவிட, நாள்தோறும் முன்வரிசையில் வருபவர் மிகுந்த புள்ளி சேர்க்கலாம். 2005-இல் ஹுஷோவ்ட் ஓர் ஓட்டத்தைக்கூட வெல்லாமலே பச்சைச் சட்டையைப் பெற்றார்!

2009-இல் அவருக்குக் கடும் சோதனை வந்தது. பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் அந்த ஆண்டு ஆறு ஓட்டங்களை வென்றார். ஹுஷோவ்ட் வென்றது ஒன்றே. 14-ஆம் ஓட்டத்தின் இறுதியில் கேவண்டிஷ் தம்மை மறித்தார் என்று ஹுஷோவ்ட் தரப்பு முறையிட்டது. நடுவர்கள் அதனை ஏற்று, கேவண்டிஷைப் பின்னுக்குத் தள்ளினர். பச்சைச் சட்டை சாலையில் வென்றதன்று, நடுவர் தீர்ப்பால் வந்தது என்ற பேச்சு எழுந்தது.

அப்பேச்சுக்கு ஹுஷோவ்ட் வாயால் பதில் சொல்லவில்லை, காலால் சொன்னார். 17-ஆம் ஓட்டம் ஆல்ப்ஸ் மலையில் ஐந்து ஏற்றங்களைக் கடப்பது. 80 கிலோவுக்கு மேல் எடையுள்ள விரைவோட்ட வீரருக்கு மலையேற்றம் பெரும்பாடு. ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் சுமையாகும். அத்தகையோர் மலையில் கூட்டமாகப் பின்தங்கி, குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருப்பர். ஹுஷோவ்டோ முன்னே பாய்ந்து, தன்னந்தனியாக மலையேறி, இடைவழிப் புள்ளி இடங்கள் இரண்டையும் முதலில் கடந்தார். கிடைத்தவை 12 புள்ளிகள். பாரிஸில் பந்தயம் முடிந்தபோது அவர் பெற்றவை 280. கேவண்டிஷ் பெற்றவை 270. அந்த மலைப் புள்ளிகள் இல்லையேல் சட்டை கைமாறியிருக்கும் அல்லவா?

2010-இல் ஆஸ்திரேலியாவின் ஜீலோங் நகரில் நடந்த உலகப் போட்டியில், ஆடவர் சாலை ஓட்டப் பட்டத்தை வென்ற முதல் நார்வேக்காரர் ஆனார். மறுஆண்டு, உலக வாகையரின் வானவில் சட்டையோடு, 1,709 மீட்டர் உயரமுள்ள ஒபிஸ்க் கணவாயைக் கடந்தார். ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்டு, லூர்து நகரில் முதலாவதாக வந்தார். டூர் டி பிரான்ஸில் அவர் தனியாக வென்ற ஓட்டங்கள் மொத்தம் பத்து.

2012-இல் நோய் அவரைப் பெரிதும் வாட்டியது. எனினும், 2013-இல் நார்வேயில் முதன்முறையாக நடந்த ஆர்க்டிக் பந்தயத்தை வென்றார். 2014-இல் ஓய்வுபெற்றார்.

நேயர்களே! தம்மைவிட விரைவானவர் ஒருவர் உண்டென்பதை ஹுஷோவ்ட் அறிந்திருந்தார். அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. விரைவானவர் வர விரும்பாத பாதை எது என்று பார்த்து, அதில் ஏறினார். கடினமான அந்தப் பாதையில்தான் அவருக்குரிய 12 புள்ளிகள் காத்திருந்தன.