விசா இல்லாம ஒரு டென்மார்க் விசிட்!

புதுசா கல்யாணமான உங்க அக்காவும் மாமாவும் சம்மர் லீவுக்கு கோபன்ஹேகன் போயிருக்காங்கன்னு வெச்சுக்கங்க. கார் கிடையாது, டாக்ஸி கிடையாது. ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு ஊர் முழுக்க நடை. ராத்திரியானா ஃபேமிலி குரூப்புல நாற்பது போட்டோ. நீங்க ஊரப்பாக்கத்து வெயில்ல வியர்த்துக்கிட்டே ஒவ்வொண்ணுக்கும் 'சூப்பர்க்கா' போட்டுட்டு இருப்பீங்க. வயிறு எரியுமா, எரியாதா?

கவலையை விடுங்க பாஸ்! நமக்கும் ஒரு டென்மார்க் இருக்கு. 2023 டிசம்பர்ல திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு உங்களுக்குப் பக்கம்தானே? ராத்திரி மயிலாடுதுறை பஸ் ஏறுங்க. அங்கேயிருந்து கடற்கரைப் பக்கமா சுமார் 30 கிலோமீட்டர். இறங்குற இடம்... தரங்கம்பாடி.

ஊருக்குள்ள நுழையுறப்பவே டென்மார்க் ராஜ முத்திரையோட ஒரு வெள்ளை வாசல் நிக்கும். 1792-ல கட்டினது. அதைத் தாண்டினா ராஜ வீதி. ரெண்டு பக்கமும் பழைய பங்களாக்கள், சர்ச்சுகள். வீதி முடியுற இடத்துல கடல். ஆட்டோ எதுக்கு? நடராஜா சர்வீஸ் போதும்! காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னா வெயில் ஏறுறதுக்குள்ள பழைய ஊரைச் சுத்திடலாம்.

கடலோரத்துல நிக்கிறது டேனிஷ் கோட்டை. 1620-ல ஓவ கெட்டங்கிற டென்மார்க் தளபதி கப்பல்ல வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டுக் கட்டினது. எல்லாம் மிளகு வியாபாரத்துக்காக. இப்போ உள்ளே மியூசியம் இருக்கு. லீவு நாள் எதுன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கங்க.

ஒரு சுவாரஸ்யம் சொல்லட்டா? ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில ஒரு கடிதம் அனுப்பினார். தமிழ்ல எழுதினது! இன்னைக்கும் அது டென்மார்க் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. அக்கா அங்கே தெருத்தெருவா சுத்துறாங்களே, அந்த ஊர்ல நம்ம தமிழ் போய் நானூறு வருஷமாச்சு. குரூப்புல இதைப் போட்டுப் பாருங்க. மாமா ஆடிப்போயிடுவார்!

அடுத்து புதிய எருசலேம் ஆலயம். 1718-ல திறந்தது. சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிற இடம் இதுதான். ஜெர்மன்காரர். டென்மார்க் ராஜா அனுப்பி 1706-ல இங்கே வந்து இறங்கினப்போ அவருக்கு வயசு 23. ஆமாங்க, உங்க சீனியர் வயசு! திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களோட உட்கார்ந்து மணல்ல 'அ, ஆ' எழுதித் தமிழ் படிச்சார். அவரோட போக்கு டேனிஷ் அதிகாரிக்கே பிடிக்கலை. புடிச்சு நாலு மாசம் ஜெயில்ல போட்டுட்டாங்க. மனுஷன் அசரலையே! 1715-ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். நாலே வருஷத்துல இறந்தும் போனார். முப்பத்தேழு வயசு கூட ஆகலை. அந்த வயசுக்குள்ள நாம என்ன பண்ணப் போறோம்னு ஒரு நிமிஷம் கேட்காம அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. 1845-ல தரங்கம்பாடி, செராம்பூர் எல்லாத்தையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க் இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிடுச்சு. ஊர்ல குடியிருந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. அழகான கட்டடங்களோட போட்டோ எடுக்குறப்போ இதையும் மனசுல வெச்சுக்கங்க.

கடைசியா மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். டேனிஷ்காரங்க வர்றதுக்கு முந்நூறு வருஷம் சீனியர்! முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோயிடுச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமியில இந்த ஊர் மீனவர் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அலை அழகுதான். ஆனா அது ஊரை அரிச்சுக்கிட்டும் இருக்கு. இன்னைக்கு நீங்க பார்க்கிறது அப்படியே உங்க பிள்ளைகளுக்கும் கிடைக்கும்னு எந்த கேரண்டியும் இல்லை.

சரி, லீவு முடிஞ்சு திரும்பியாச்சு. ஊரப்பாக்கத்துல இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கணும். பஸ், லாரி, பைக்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. 'நடக்கிற ஊர்னா அது கோபன்ஹேகன்தாம்ப்பா'ன்னு பெருமூச்சு வருதா?

கொஞ்சம் பொறுங்க. கோபன்ஹேகனும் அப்படியே பொறந்துடலை. அங்கே ஸ்ட்ராய்யட்னு ஒரு கடைவீதி. நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி பேர் போனது, ஆனா ஒரு காலத்துல ஒரே கார் மயம். 1962-ல கார்களை நிறுத்திட்டு நடக்கிறவங்களுக்கு விட்டாங்க. 'வியாபாரம் படுத்துடும்'னு கடைக்காரங்க குதிச்சாங்க. 'நாங்க என்ன இத்தாலிக்காரங்களா, தெருவுல நடந்து திரிய?'ன்னு கூட எதிர்ப்பு வந்துச்சு. நடந்தது என்ன? கூட்டம் அள்ளுச்சு. அக்காவும் மாமாவும் கை கோத்து நடக்கிறது அப்படி ஒரு தெருவுலதான்.

அதனால அடுத்த தடவை ரோட்டோரம் நிக்கிறப்போ, பெருமூச்சை வேஸ்ட் பண்ணாதீங்க. நடைபாதை எங்கே, கடக்க வழி எங்கேன்னு கேளுங்க. காலேஜ் முடிஞ்சு நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து மனு எழுதினாலும் சரி. கேட்காம எந்த ஊர்லயும் கிடைச்சதில்லை, டென்மார்க் உட்பட!