புல் எழுந்தது, மரம் எழவில்லை!
கென்யாவின் சாவோ வனத்தை மாற்றிய வறட்சி

மழை பொய்த்தால் புல் கருகும், மரம் பட்டுப்போகும். இது யாவரும் அறிந்ததே. ஆனால் மறுபடி மழை பெய்ததும் இரண்டும் ஒன்றுபோல் பிழைத்து எழுந்துவிடுமா? இல்லை என்பதற்குச் சாட்சி, ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டிலுள்ள சாவோ வனம்.

1948-ம் ஆண்டில் இது தேசியப் பூங்கா ஆயிற்று. கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளும் சேர்ந்து 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கிழக்குப் பிரிவு செம்மண் பூமி, மழை குறைவு. அந்நாளில் அங்கே கொம்மிபோரா என்னும் மரங்களும் முட்புதர்களும் அடர்ந்து கிடந்தன. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெள்ளைப்போளம், இந்த மர இனத்தின் பிசின்தான்.

வேரின் சூட்சுமம்

புல்லின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். பெய்த மழையை முதலில் குடிப்பது புல். மழை நின்றால் முதலில் வாடுவதும் புல். ஆனால் தாள் கருகினாலும் அடிக்குருத்து எளிதில் சாவதில்லை. நல்ல மழை ஒன்று பெய்தால் சில நாட்களில் பச்சை பிடித்துவிடும். அடிக்குருத்தே செத்தாலும் மண்ணில் விதை இருக்கிறது.

மரத்தின் வழி வேறு. இலைகளை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும். ஆழத்து ஈரத்தைத் தேடும். ஆகவே ஒரு பருவம் மழை தவறினால் மரம் தாங்கும். வறட்சி நீடித்து ஆழத்து ஈரமும் வற்றினால்தான் ஆபத்து. அப்படிப் பட்டுப்போன மரத்தின் இடத்தில் இன்னொன்று வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

யானையின் பசி

சாவோவில் வறட்சியோடு யானையும் சேர்ந்துகொண்டது. மழைக்காலத்தில் யானை புல்லை மேயும். புல் தீய்ந்ததும் மரத்தின் இலை, கிளை, பட்டை எல்லாம் அதற்கு உணவு. நீர் தேங்கிய பெருக்க மரத்தின் அடிப்பாகத்தைக்கூடத் தந்தத்தால் குடைந்து தின்னும். 1960-களில் யானைகள் பெருகியிருந்த அவ்வனத்தில் மரங்கள் சாய்ந்தவண்ணம் இருந்தன.

யானைகளின் தொகையைக் குறைக்க வேண்டும் என்றார் விஞ்ஞானி ரிச்சர்ட் லாஸ். கூடாது, இயற்கையே சரிசெய்துகொள்ளும் என்றார் வனக் காப்பாளர் டேவிட் ஷெல்ட்ரிக். வாதம் முற்றியது. 1968-ல் லாஸ் பதவியை விட்டு விலகினார்.

1970, 1971-ம் ஆண்டுகளில் மழை தவறியது. சுமார் 6,000 யானைகள் மடிந்தன. பெரும்பாலானவை பெண் யானைகளும் கன்றுகளுமே. அவை மடிந்தது தாகத்தால் அல்ல, பசியால்! கன்றுள்ள தாய் யானை தண்ணீரை விட்டு வெகுதூரம் போக முடியாது. தண்ணீருக்கு அருகிலோ, தின்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தீயின் பங்கு

பிறகு மழை வந்தது. புல் எழுந்தது; சாய்ந்த மரங்கள் எழவில்லை. புதர்க்காடாக இருந்த இடங்கள் வெட்டவெளியாயின. புல் மேயும் வரிக்குதிரைக்கு அது கொண்டாட்டம். தழை தின்னும் கறுப்புக் காண்டாமிருகத்துக்குத் திண்டாட்டம். கோடையில் காய்ந்த புல் தீப்பற்றும். அத்தீயில் மரக்கன்றுகள் கருகும். இப்படிப் புல்லே மரத்துக்குப் பகையாகிறது.

ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. 1970-களிலும் 80-களிலும் தந்தத் திருடர்கள் யானைகளைக் கொன்று குவித்தனர். யானை குறைந்த இடங்களில் புதரும் மரமும் மெல்லத் தலைதூக்கின. மரம் திரும்புவதற்குக் காட்டில் கொடுத்த விலை அது!

வறட்சி இன்றும் ஓயவில்லை. 2022-ல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் கென்யாவில் 205 யானைகள் வறட்சிக்குப் பலியானதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஒரு மழையில் தழைத்துவிடும் புல்லைப் பார்த்துக் காடு பிழைத்துவிட்டது என்று எண்ணிவிட முடியாது. மரக்கன்றுகள் எத்தனை நிற்கின்றன என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.