பிள்ளை என்ன, அடகுப் பொருளா?

சனிக்கிழமை இரவு. திருப்பூரிலிருந்து உடுமலை வழியாக வந்த பேருந்து மடத்துக்குளத்தில் நிற்கிறது. பனியன் கம்பெனியில் ஆறு நாள் ஓடாய்த் தேய்ந்து, வாரக்கூலி வாங்கிய இளைஞன் ஒருவன் இறங்குகிறான். கையில் ஒரு பொட்டலம். அதிலே கொஞ்சம் மிக்சர், ஒரு சின்னக் கவுன். மனைவியாக இருந்தவளின் வீட்டுக்குப் போகிறான். மணவிலக்கு ஆகி ஓராண்டு. வாசலிலேயே மறிக்கிறார், மாமனாராக இருந்தவர்.

"நாலு மாசப் பாக்கிய வெச்சுட்டு அப்புறம் புள்ளயப் பாருங்க!"

"புள்ளயக் கண்ணுலயே காட்டறதில்ல, நான் எதுக்குங்க பணம் கட்டோணும்?"

பொட்டலம் திண்ணையில் கிடக்கிறது. வந்தவன் திரும்பி நடக்கிறான். உள்ளே சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு குழந்தை!

யாரோ ஒருவர் வீட்டைச் சுட்டி எழுதியதல்ல இது, தோழர்களே! தறியிலும் ஆலையிலும் தையல் மெஷினிலும் உழைக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றின் கதை. இதிலே யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரண்டு பேர் பக்கமும் இல்லை என்பேன். பணம் கட்டாததற்காகத் தகப்பனின் கண்ணிலிருந்து பிள்ளையை மறைக்கவும் கூடாது; பிள்ளையைக் காட்டாததற்காக அதன் சோற்றை நிறுத்தவும் கூடாது. ஜீவனாம்சம் ஒரு உத்தரவு. பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறொரு உத்தரவு. ஒன்றை மீறியவனுக்குத் தண்டனையாக இன்னொன்றை மீறும் அதிகாரம் மாமனாருக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை. பார்க்க விடாமல் தடுத்தால், அந்த உத்தரவைப் போட்ட கோர்ட்டிலேயே அதை நிறைவேற்றித் தரும்படி மனுப் போட வேண்டும். கூலியை மடியில் முடிந்துகொள்வதல்ல வழி.

"கூலியே இல்லையே, எதைக் கட்டுவது?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூரே தள்ளாடியது. 2020-இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் ஆட்டங்கண்டன. வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து மடத்துக்குளத்தில் ஒரு குழந்தையின் பால் டம்ளர் வரை வந்து தட்டுகிறது!

இதற்குச் சட்டத்தில் வழியுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127 என்றிருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146 ஆகியிருக்கிறது. (பெயர்தான் நம் வாயில் நுழையவில்லை, உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான்.) நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டினால் கோர்ட்டார் தொகையைக் குறைக்கலாம். பிள்ளை வளர்ந்து பள்ளிச் செலவு ஏறினால், அதே பிரிவின் கீழ் தாய் மனுப் போட்டுக் கூட்டியும் கேட்கலாம். கதவு இரண்டு பக்கமும் திறக்கும் கதவு.

நம்மவர் செய்வது என்ன? மனுப் போடுவதில்லை. கம்பெனியை மாற்றுகிறார்கள், போன் நம்பரை மாற்றுகிறார்கள், வாய்தாவுக்குப் போவதில்லை. பாக்கியோ மாதாமாதம் வட்டிக் கடன்போல் வளர்கிறது. பிறகு வாரண்டு வருகிறது. பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். "உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழியே தவிர, கட்டியதற்கான ரசீது அல்ல என்று 1988-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்! கூலியும் போய், மானமும் போய், கடனும் நிற்கும்.

தாய்மார் அறிந்துகொள்ள வேண்டியதும் உண்டு. உத்தரவின் நகலை அவளுக்குக் காசு வாங்காமல் தரவேண்டும். அவன் லூதியானா பனியன் ஆலைக்கே ஓடிப் போனாலும், அவன் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டே அதை நிறைவேற்றலாம். வழக்குப் போட அவள் அவனைத் தேடி அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததல்ல. பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தபோது சிரித்தவர்கள் பலர். 1949-இல் சென்னை மாகாணம் அதைச் சட்டமாக்கியது; இந்தியா முழுமைக்கும் 1955-இல்தான் வந்தது. மணவிலக்கான பெண்ணும் மாஜிஸ்திரேட்டிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றானது 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அப்போதும் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு பூட்டு! அரிசி விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. அந்த 500 மட்டும் 2001 வரை அசையவில்லை.

பிள்ளை யாரிடம் இருப்பது என்பதும் கல்லில் வெட்டிய எழுத்தல்ல. சென்னையில் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை போன ரோசி ஜேக்கப் வழக்கில், 1973-இல், பிள்ளையின் நலன் மாறும்போது அந்த உத்தரவும் மாறலாம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்ல என்று தீர்ப்பாயிற்று. சம்பாதிப்பவன் நான், ஆகவே பிள்ளை எனக்கே என்றோ, பெற்றவள் நான், ஆகவே எனக்கு மட்டுமே என்றோ பேச அதிலே இடமில்லை.

இனி, கிளைக் கழகத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, இருபது ரூபாய் முத்திரைத் தாளில், "ஒரே தொகையாக இவ்வளவு பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் என் பிள்ளைக்கும் பாத்தியதை இல்லை" என்று எழுதி வாங்குகிறோமே, அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போடுகிறோமே, அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? பிள்ளையின் சோற்று உரிமையை எழுதிக் கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்காக வழக்கு வந்தால், மொத்தமாகக் கொடுத்தவனும் ஏமாந்தவன், வாங்கியவளும் ஏமாந்தவள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாம் மட்டும் நல்லவர்களா?

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. அதே சட்டம் ஆலைத் தொழிலாளியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது! போன் எண் 15100. படிப்பகத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அதன் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதுங்கள்: பாக்கிக்கு வாரண்டு கேட்டு மனுப் போட, அந்தத் தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. சித்திரை போகட்டும், ஆடி போகட்டும் என்று காத்திருக்கும் அந்தத் தாய்க்கு, கெடு ஓடிக்கொண்டிருப்பதை இந்த வாரமே யாராவது போய்ச் சொல்லுங்கள்.