தூண்டிலுக்கு முன் வெப்பமானி

காஞ்சிபுரம் சர்வதீர்த்தக் குளத்தில் டிரவுட் மீனை விட்டால் பிழைக்குமா? பிழைக்காது. வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொணர்ந்த குளிர்நீர் மீன் அது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் எச். சி. வில்சன் அதற்குப் பொரிப்பகம் அமைத்தார்.

சோடா சூடேறினால் வாயு வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, கடல்மட்டத்தில் 10 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் 7.5தான். மீனின் தேவையோ, 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிக்கும். வரவு குறைய, செலவு கூடுகிறது!

தூண்டிலில் போராடிக் களைத்த டிரவுட்டை வெதுவெதுப்பான ஓடையில் திரும்ப விட்டாலும் அது மூச்சுத்திணறி இறக்கக்கூடும். எனவே, தேர்ந்த வழிகாட்டி முதலில் வெப்பமானியை நீரில் இடுவார். 20 பாகையை எட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுவார். புவி சூடேறிவரும் இந்நாளில் அந்த வெப்பமானியை நாமும் கவனிக்க வேண்டாமா?