"ஸ்பிரிங் உக்காந்துடுச்சு சார்!"

சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷ ஞானம் உண்டு. கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும், வண்டி எந்தத் தெருவில் போகிறது என்று முதுகெலும்பை வைத்தே சொல்லிவிடுவார்கள். 'தட்' என்றால் மேம்பாலத்து இணைப்பு. 'தடால்' என்றால் தெருமுனை ஸ்பீட் பிரேக்கர். 'தடால், மடால், ஐயோ' என்றால் யாரோ தோண்டி, வேறு யாரோ மூடி, மழை மறுபடி திறந்துவிட்ட பள்ளம்!

என்னுடையது மாருதி 800. 2008 மாடல். "இன்னுமா சார் வெச்சிருக்கீங்க?" என்று ஆபீஸில் கேட்பார்கள். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த இந்த கார், 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்று போனது. அதனாலென்ன? என் வண்டியில் ஒரு துளி துரு கிடையாது. தவணை பாக்கியும் கிடையாது. எனக்கு அது போதும். ஆனால் அப்பாவின் இடுப்புக்குப் போதவில்லை.

அப்பாவுக்கு 74 வயது. டிஸ்க் தொந்தரவு. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். போகிற வழியில் ஒன்பது ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றும் வரும்போது பேச்சைப் பாதியில் நிறுத்துவார். இரண்டு கையையும் ஸீட்டில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வார். தாண்டியதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக, கிளம்புகிற நேரத்தில் "இன்னிக்கு வேணாம்டா" என்று ஆரம்பித்தார். வைத்தியத்துக்குப் போகிற வழியே வலியாக இருந்தால் யார்தான் போவார்கள்?

"பெரிய கார்ல கூட்டிட்டு வாங்களேன்" என்றார் டாக்டர். சொல்வது சுலபம். மாதத் தவணையை அவரா கட்டப் போகிறார்!

எனவே மெக்கானிக் பாயிடம் போனேன். வண்டியின் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கினார். குனிந்து பார்த்தார். தீர்ப்பு ஒரே வரியில் வந்தது: "ஸ்பிரிங் உக்காந்துடுச்சு சார்!"

பள்ளிக்கூடப் பாடம்தான்

ஸ்பிரிங் 'உட்காருவது' என்றால் என்ன? கம்பி தளர்ந்து மென்மையாகிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கம்பியின் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. வருஷக்கணக்காகப் பாரம் சுமந்து அதன் உயரம்தான் குறைந்துவிட்டது. உயரம் குறைந்தால் அமுங்குவதற்கு இடம் குறைவு. பள்ளத்தில் இறங்கியதும் ஸ்பிரிங் தன் வேலையை முடிப்பதற்குள், கடைசித் தடுப்பாக வைத்திருக்கும் ரப்பர் கட்டையில் வண்டி போய் முட்டுகிறது. 'தடால்' சத்தம் அதுதான்.

எவ்வளவு பாரமோ அவ்வளவு அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-ல் எழுதி வைத்தாரே, எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ, நாம் கடைசி பெஞ்சில் இருந்தபோது நடத்தினார்களே... அதே விதிதான் இங்கும். வண்டியின் எடையில் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அது நொடிக்கு ஒரு முறை நிதானமாக ஆடும். 11 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஒன்றரை முறை. நாலே சென்டிமீட்டர் என்றால் இரண்டரை முறை. நாம் நடக்கும்போது நம் உடம்பும் நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முறை மேலும் கீழும் போகிறது. அதனால் ஒன்று, ஒன்றரை என்ற ஆட்டம் நமக்குத் தாலாட்டு மாதிரி!

வில்லங்கம் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான குலுக்கலில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு அந்த வேகத்துக்குத்தான் கூடவே சேர்ந்து அதிரும். முதுகெலும்புக்கு ஆகாத வேகம் அது. கார் டிசைன் செய்கிறவர்களின் பாடு எல்லாம் இந்தக் குலுக்கல் ஸீட் வரை வந்து சேராமல் பார்த்துக்கொள்வதுதான்.

சின்னக் காரின் சங்கடம்

அப்படியென்றால் எல்லாக் காரிலும் மெத்து மெத்தென்று ஸ்பிரிங் போட வேண்டியதுதானே? இங்கேதான் சின்னக் கார் மாட்டிக்கொள்கிறது.

மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. சுமாரான நாலு பேர் ஏறினால் 260 கிலோ. அதாவது வண்டி எடையில் 40 சதவிகிதம்! அதே நாலு பேர் 1,500 கிலோ காரில் ஏறினால் 17 சதவிகிதம்தான். பெரிய காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சின்னக் காருக்கு அது கல்யாணக் கூட்டம். மென்மையான ஸ்பிரிங் போட்டால், மாமனார் குடும்பம் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தொடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். அதனால் கம்பெனிக்காரர்கள் நாலு பேரை மனதில் வைத்துக் கொஞ்சம் விறைப்பாகவே போட்டுவிடுகிறார்கள். நீங்கள் தனியாக ஆபீஸ் போகும்போது, அந்த விறைப்புதான் உங்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

போதாததற்கு, சக்கரம் 12 அங்குலம்தான். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழியில் இது இறங்கி ஏறும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,175 மில்லிமீட்டர்தான். முன்னால் ஏறி இறங்குவதற்குள் பின்னால் ஏறிவிடும். வண்டி தலையாட்டி பொம்மை ஆகிவிடுகிறது.

ஸ்பீட் பிரேக்கருக்குக்கூட ஓர் இலக்கணம் இருக்கிறது, தெரியுமோ? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவின்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலை மாதிரி ஏறி இறங்கிவிடலாம். எங்கள் தெருவில் இருப்பது உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல், அகலத்தில் சிக்கனம் செய்திருக்கிறது!

முட்டைக் கூடை

சின்னக் காரிலும் சொகுசு முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. 1930-களில் பிரான்ஸில் சிட்ரோயன் கம்பெனியின் பியர் பூலான்ஷே தன் இன்ஜினீயர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்: ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலில் ஓட்டினாலும் ஒன்றுகூட உடையக் கூடாது! நடுவில் உலக யுத்தம் குறுக்கிட்டு, 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த 2சிவி கார், நீளமான மெத்தென்ற ஸ்பிரிங்குகளோடு உண்மையிலேயே வயலில் ஓடியது. வளைவில் திரும்பும்போது படகு மாதிரி சாயும். அது வேறு விஷயம். ஸ்பிரிங் சாஸ்திரத்தில் ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும்.

கட்டிங் வேண்டாம்!

ஸ்பிரிங் விஷயம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை.

"ஒரு சுத்து கட் பண்ணிடலாம் சார், வண்டி பதிவா ஜம்முனு இருக்கும்" என்றார் ஒருவர். கேட்காதீர்கள். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் சுமார் 14 சதவிகிதம் இன்னும் விறைக்கும், உயரமும் போச்சு.

"கம்பியை ஒரு நூல் தடியாப் போட்டா உக்காரவே உக்காராது" என்றார் இன்னொருவர். உண்மைதான். ஆனால் 10 மில்லிமீட்டர் கம்பியை 11 ஆக்கினால் விறைப்பு 46 சதவிகிதம் கூடும். அப்புறம் மாட்டு வண்டியே தேவலை.

மூன்றாமவர் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் துண்டு செருகலாம் என்றார். வண்டி உயரும், நிஜம். ஆனால் ரப்பர் பிடித்துக்கொண்ட சுற்று வேலை செய்யாது. அதுவும் விறைப்பில்தான் போய் முடியும். வண்டியின் அடி தட்டாமல் இருக்க அது மருந்து. முதுகுக்கு அல்ல.

நான் செய்தது

பாயும் நானும் ஒரு வரிசை போட்டுக்கொண்டோம். முதலில் காசில்லாத வேலை: டயர் காற்று. பங்க் பையன் உற்சாகத்தில் கல்லு மாதிரி அடித்து வைத்திருந்தான். கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைத்தோம். கால்வாசி வலி அங்கேயே போனது.

அடுத்து ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆட்டத்தை நிறுத்தத் தெரியாது. நிறுத்துவது ஷாக்கின் வேலை. காரின் ஒரு மூலையை அமுக்கி விடுங்கள். ஒரே எழும்பலில் நின்றால் நல்லது. ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தால் ஷாக் காலி. என்னுடையதில் பின்னால் இரண்டிலும் ஆயில் கசிந்திருந்தது. நாலையும் மாற்றி, நைந்துபோன புஷ் ரப்பர்களையும் மாற்றினோம்.

கடைசியில்தான் ஸ்பிரிங். முன்பக்கம், கம்பெனி அளவிலேயே புது ஜோடி. பின்பக்கத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தோம். சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். ஓரிருவர் உட்கார்ந்தால் எல்லாச் சுற்றும் அமுங்கி, மென்மையாக இருக்கும். பாரம் ஏற ஏற நெருக்கமான சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஓய்வெடுத்துக்கொள்ள, மிச்சச் சுற்றுகள் விறைப்பாகத் தாங்கும். ஆளைப் பார்த்து மரியாதை! சுற்றிய கம்பியைப் பதப்படுத்தி, சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளால் மேல்பரப்பை அடித்து, முழுசாக நாலைந்து தரம் அமுக்கியும் பார்த்த பிறகே கொடுத்தார்கள். அப்படிச் செய்தால்தான் சீக்கிரம் உடையாது, உட்காராது.

மொத்தச் செலவு? ஒரு சுமாரான ஏ.ஸி. வாங்கும் தொகை. காரின் விலையோடு ஒப்பிட்டால் மனைவி சிரிப்பாள். அதனால் ஒப்பிடவில்லை.

மறுநாள் பிசியோதெரபிக்குக் கிளம்பினோம். அப்பா ஏதோ பழைய ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவது ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் சட்டென்று நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, அந்த ஸ்பீட் பிரேக்கரை எடுத்துட்டாங்களா?"

எடுக்கவில்லை என்றேன். கதையைத் தொடர்ந்தார். கைகள் மடியிலேயே இருந்தன.

நீங்கள் செய்யப் போனால்...

* காற்று, ஷாக், புஷ் மூன்றையும் பார்க்காமல் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

* ஒரு பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஜோடியாகத்தான். இல்லாவிட்டால் வண்டி தோளைச் சாய்த்து நடக்கும்.

* 'நானே கழற்றுகிறேன்' என்ற வீரம் வேண்டாம். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கூட்டில், அமுக்கிய நிலையில் இருக்கும். அதற்கான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். உயிருக்கே ஆபத்து.

* வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம் இரண்டையும் பாருங்கள்.

* 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கவில்லை. உயரத்தை ஏற்றுவது, இறக்குவது போன்ற விளையாட்டுகள் வேண்டாம். கம்பெனி அளவை விட்டு விலகும் எதையும் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

* மென்மையான ஸ்பிரிங் போட்ட வண்டி வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். முதல் வாரம் நிதானமாக ஓட்டிப் பழகுங்கள். பின்ஸீட்டில் மாமியார் இருந்தால் இரண்டாவது வாரமும்!