தோ பாயோ: சதுப்பு நிலம் நகரியமான வரலாறு

தோ பாயோ என்பது சிங்கப்பூரின் மையப் பகுதியில் அமைந்துள்ள ஒரு குடியிருப்பு நகரியம். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (சுருக்கமாக வீவக) தொடக்கம் முதல் இறுதி வரை தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரியம் இதுவே. 1960-களின் நடுப்பகுதி வரை காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் அத்தாப்புக் கூரை வீடுகளுமாக இருந்த இடத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இடநெருக்கடி மிகுந்த ஒரு நகரில் திட்டமிட்ட குடியிருப்பை உருவாக்குவதால் என்ன கிடைக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள், திட்டம் போட்டவர்கள் எதிர்பாராதவற்றைப் பின்னர் எப்படிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்பவற்றை அறிய தோ பாயோவின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்க்காரணம்

இப்பெயர் இரு மொழிச் சொற்களால் ஆனது. ஹொக்கியன் சீனத்தில் 'தோ' என்றால் பெரிய என்று பொருள். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் 'பாயா' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. எனவே தோ பாயோ என்றால் 'பெரிய சதுப்பு நிலம்'. இங்குள்ள பல சாலைகள் 'லோரோங் 1', 'லோரோங் 2' என எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. லோரோங் என்பது சந்து அல்லது சிறிய தெருவைக் குறிக்கும் மலாய்ச் சொல். இன்று அவை அகலமான சாலைகளாக இருந்தாலும் பெயர் மாறவில்லை.

பின்னணி: வீட்டுப் பஞ்சம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1960-ஆம் ஆண்டளவில் அது சுமார் 16 லட்சம். அன்றைய தீவின் மொத்தப் பரப்பு 600 சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. மக்களில் பெரும் பகுதியினர் நகர மையத்திலேயே நெருக்கியடித்து வாழ்ந்தனர். கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழும். சமையலறையும் கழிப்பறையும் பல குடும்பங்களுக்குப் பொது. கடைவீடுகளிலும் இடம் கிடைக்காதவர்கள் நகரின் ஓரங்களில் பலகையும் தகரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு அனுமதியின்றிக் குடிசைகள் கட்டிக்கொண்டனர்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1927-இல், சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஏறத்தாழ 32 ஆண்டுகளில் அது கட்டிய வீடுகள் சுமார் 23,000 மட்டுமே. 1959-இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அடுத்த ஆண்டு, 1960 பிப்ரவரி 1 அன்று, அறக்கட்டளைக்குப் பதிலாக வீவக தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான். முதல் ஐந்தாண்டுகளுக்குள் வீவக 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது.

இந்த வேகத்துக்கு ஒரு பேரழிவும் காரணமாயிற்று. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பெரும் தீ மூண்டது. ஒரே நாளில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த இடத்திலேயே புதிய அடுக்குமாடிகள் விரைவாக எழுப்பப்பட்டன. குடிசைப் பகுதிகளை அகற்றி அடுக்குமாடிகள் கட்டும் கொள்கைக்கு இத்தீவிபத்து வலுச் சேர்த்தது.

நிலத்தில் இருந்தவர்கள்

அறக்கட்டளை தொடங்கிய குவீன்ஸ்டவுன் நகரியம் சிங்கப்பூரின் முதல் துணை நகரம். அதை வீவக பாதியில் ஏற்று முடித்தது. தோ பாயோவையோ வெறும் நிலத்திலிருந்து தானே திட்டமிட வேண்டியிருந்தது.

ஆனால் அந்த நிலம் வெறுமையாக இல்லை. பல தலைமுறைகளாக அங்கு மக்கள் வாழ்ந்தனர். பெரும்பாலோர் சீனக் குடும்பத்தினர். காய்கறி பயிரிடுதல், பன்றி, கோழி வளர்த்தல் ஆகியவை அவர்களின் தொழில்கள். குடியிருந்த இடத்துக்கு அவர்களில் பலரிடம் சட்டப்படியான உரிமை இல்லை. ஆயினும் வீடு, தோட்டம், பண்ணை, பிழைப்பு எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தன.

1960-களின் தொடக்கத்தில் அவர்களை அகற்றும் முயற்சி தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. மக்கள் கூடுதல் இழப்பீடு கேட்டனர். பேச்சுவார்த்தை நீண்டது, பணிகள் தாமதமாயின. நகரில் வாடகை அறையில் இருந்த கூலித் தொழிலாளிக்குப் புதிய வீடு ஒரு முன்னேற்றம். ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு அது வீட்டை மட்டுமல்ல, தொழிலையும் விட்டுச் செல்வதாக இருந்தது. ஏழாம் மாடியில் பன்றி வளர்க்க முடியாது. மாற்று வீடு தரும் திட்டம் மாற்றுப் பிழைப்பையும் தருமா என்ற கேள்வி மீள்குடியமர்த்தல் நடக்கும் எந்த ஊரிலும் எழக்கூடியது. தோ பாயோவில் அக்கேள்வி அந்நகரியத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது.

நகரியத்தின் அமைப்பு

குன்றுகள் வெட்டிச் சமன்செய்யப்பட்டன. சதுப்புப் பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 1960-களின் பிற்பகுதியில் முதல் குடும்பங்கள் குடியேறின.

வீடுகளை வரிசையாக அடுக்குவது மட்டும் நகரியம் ஆகாது என்பது திட்டத்தின் அடிப்படைக் கருத்து. தோ பாயோ பல அக்கம்பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அக்கம்பக்கத்திலும் அன்றாடத் தேவைக்கான கடைகள், ஈரச்சந்தை, பள்ளி, விளையாட்டிடம் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் அமைந்தன. இவை அனைத்துக்கும் நடுவில் நகரிய மையம் வந்தது. அங்கே பெரிய கடைகள், திரையரங்குகள், பேருந்து நிலையம், வாகனங்கள் நுழையாத நடைவீதி ஆகியவை இருந்தன. அரிசி, காய்கறி வாங்க வீட்டருகே, துணிமணி வாங்கவும் படம் பார்க்கவும் நகரிய மையம், பிற வேலைகளுக்கு மட்டும் மாநகரம் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

வேலைவாய்ப்பும் திட்டத்தில் இடம்பெற்றது. நகரியத்தின் எல்லைக்குள்ளேயே புகையற்ற இலகுரகத் தொழில்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் பிலிப்ஸ் நிறுவனம் இங்கு ஆலை அமைத்தது. வீட்டிலிருந்து நடந்தே ஆலைக்குச் செல்ல முடிந்ததால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது வசதியாக இருந்தது.

தொடக்கத்தில் கட்டப்பட்டவற்றில் ஓரறை, ஈரறை, மூவறை வீடுகளே மிகுதி. குறைந்த செலவில் விரைவாகப் பலருக்கு வீடு தருவதே அன்றைய முதல் தேவை. நீளமான அடுக்குமாடிக் கட்டடங்களில் (புளோக்குகளில்) ஒவ்வொரு மாடியிலும் பொது நடைபாதை ஓடியது. மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. செலவைக் குறைக்க, சில மாடிகளில் மட்டும் நிற்குமாறு அமைக்கப்பட்டது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படி ஏறியோ இறங்கியோ செல்ல வேண்டும்.

உலகுக்குக் காட்டிய நகரியம்

லோரோங் 5-இல் உள்ள 53-ஆம் புளோக், ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் அமைந்த 19 மாடிக் கட்டடம். அதன் கூரையில் ஒரு பார்வை மேடை கட்டப்பட்டது. வெளிநாட்டு விருந்தினர்களை அங்கே அழைத்துச் சென்று புதிய நகரியத்தைக் காட்டுவது வழக்கமாயிற்று. 1972 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் இங்கு வந்தார். 2006-இல் மீண்டும் தோ பாயோவுக்கு வருகை தந்தார்.

1973-இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளைச் சிங்கப்பூர் முதன்முறையாக நடத்தியது. நகரிய மையத்தின் அருகே கட்டப்பட்ட நான்கு உயர்மாடிக் கட்டடங்கள் விளையாட்டு வீரர்கள் தங்கும் இடமாயின. போட்டிகள் முடிந்ததும் அவை பொதுமக்களின் குடியிருப்புகளாயின. போட்டிகளையொட்டி அமைந்த நீச்சல் வளாகமும் நூலகக் கட்டடமும் நகரிய மக்களின் பயன்பாட்டுக்கு வந்தன. தோ பாயோ பொது நூலகம் 1974-இல் திறக்கப்பட்டது.

வாடகை வீட்டிலிருந்து சொந்த வீடு

தொடக்ககால வீவக வீடுகள் வாடகைக்கே விடப்பட்டன. 1964-இல் வீட்டு உடைமைத் திட்டம் அறிமுகமானது. அத்திட்டத்தின்கீழ் குவீன்ஸ்டவுனில் மூவறை வீடு ஒன்று 6,200 வெள்ளிக்கு விற்கப்பட்டது (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்பர்). ஆனாலும் முன்பணம் செலுத்த முடியாதவர்கள் பலர் இருந்தனர். 1968-இல், தொழிலாளர்கள் தங்கள் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் கட்ட அனுமதிக்கப்பட்டது. அதன் பின் வீடு வாங்குவோர் எண்ணிக்கை பெருமளவு கூடியது. தோ பாயோ குடியேற்றம் நடந்ததும் இதே காலத்தில்தான்.

இங்கு 'சொந்த வீடு' என்பதன் பொருளைக் கவனிக்க வேண்டும். வாங்குபவருக்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசுக்கே உரியது. குத்தகை முடிந்ததும் வீடு அரசிடம் திரும்பும்.

குடியேறியவர்களின் வாழ்க்கை

கிராமத்தில் கதவைத் திறந்து வைத்தே பழகியவர்களுக்கு மாடி வீட்டு வாழ்க்கை புதியது. மின்தூக்கியில் ஏற அஞ்சியவர்களும் உண்டு. முன்பின் அறியாத குடும்பங்கள் அடுத்தடுத்துக் குடியேறின. 1970-களில் இரகசியக் கும்பல்களின் தொல்லையால் தோ பாயோவுக்குச் 'சிங்கப்பூரின் சிகாகோ' என்ற அவப்பெயரும் ஏற்பட்டது. வீடு கட்டும் வேகத்தில் சமூகத்தைக் கட்ட முடியாது என்பதை இது உணர்த்தியது.

பின்னர் பல ஏற்பாடுகள் வந்தன. 1970-களிலிருந்து புளோக்குகளின் கீழ்த்தளத்தை வீடுகளின்றித் திறந்த வெளியாக விடும் முறை பரவியது. மலாய்த் திருமணங்களும் சீன இறுதிச் சடங்குகளும் முதியோரின் மாலை நேரப் பேச்சும் அங்கே நடந்தன. 1978 முதல் குடியிருப்பாளர் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1979-இல் வீவக வடிவமைப்பாளர் கோர் ஈன் கீ உருவாக்கிய டிராகன் விளையாட்டிடம் லோரோங் 6-இல் இன்றும் நிற்கிறது. அன்று அதில் ஏறி விளையாடிய பிள்ளைகள் இன்று நடுவயதினர்.

ஒவ்வோர் இனத்தவரும் ஒரே இடத்தில் குவிவதைத் தடுக்க, 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் உச்ச விகிதம் வகுக்கப்பட்டது. இதனால் கலந்து வாழும் சூழல் உருவாகிறது. அதே வேளையில், விகிதம் நிரம்பிய இடங்களில் வீட்டை விற்க விரும்பும் சிறுபான்மையினருக்கு வாங்குவோர் குறைகின்றனர் என்ற குறையும் சொல்லப்படுகிறது.

வழிபாட்டுத் தலங்களும் நகரியத்தின் பகுதிகளாயின. 1898-இல் நிறுவப்பட்ட சுவாங் லின் பௌத்த மடாலயம் நகரியத்துக்கு முற்பட்டது. நகர மையத்தில் இருந்த ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் 1980-களில் லோரோங் 8-க்கு இடம்பெயர்ந்தது. தோ பாயோ தமிழர்களுக்கு இன்று அது முக்கியமான கூடுமிடம்.

போக்குவரத்தும் புதுப்பித்தலும்

சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7 அன்று ஓடத் தொடங்கியது. இயோ சூ காங் முதல் தோ பாயோ வரையிலான ஐந்து நிலையங்களே முதலில் திறக்கப்பட்டன. 2002-இல் வீவக தன் தலைமை அலுவலகத்தைத் தோ பாயோ நகரிய மையத்துக்கு மாற்றியது.

இதற்குள் முதல் குடியேறிகள் முதுமை அடைந்துவிட்டனர். இளமையில் இரண்டு மாடி படியேறியவர்களுக்கு இப்போது அதுவே பெருந்தடை. ஒரு காலத்தில் செலவைக் குறைத்த மின்தூக்கி அமைப்பு முதியோரை வீட்டுக்குள் அடைத்தது. 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பழைய புளோக்குகளில் முடிந்தவரை எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்குமாறு மாற்றங்கள் செய்யப்பட்டன.

இன்றைய கேள்விகள்

தோ பாயோ இன்று மக்கள் விரும்பும் இடம். நகர மையம் அருகில், ரயில் வசதி உண்டு. இங்குள்ள சில புதிய, பெரிய வீவக வீடுகள் மறுவிற்பனையில் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் விலைபோயுள்ளன. குறைந்த வருமானத்தினருக்காகத் தொடங்கிய நகரியத்தில் இளம் தம்பதியர் வீடு வாங்குவது எளிதாக இல்லை.

மற்றொரு கேள்வி குத்தகை பற்றியது. 1960-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடுகளின் 99 ஆண்டு, 2060-களில் நிறைவடையும். குத்தகைக் காலம் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறையும். சுமார் 70 ஆண்டுப் பழைமை அடையும் குடியிருப்புகளில், வீட்டுக்காரர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், அரசு முன்கூட்டியே அவற்றைத் திரும்பப் பெற்று மறுமேம்பாடு செய்யும் திட்டம் 2018-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வயதைத் தோ பாயோவின் முதல் புளோக்குகள் 2030-களின் பிற்பகுதியில் எட்டும்.

1960-களின் தொடக்கத்தில் தோ பாயோவின் பண்ணைக் குடும்பங்களுக்கு, நிலத்தை விட்டுச் செல்வதா என்பதை வாக்களித்து முடிவுசெய்யும் வாய்ப்பு இருக்கவில்லை. இழப்பீட்டுத் தொகை குறித்தே அவர்களால் வாதாட முடிந்தது. அதே நிலத்தில் எழுந்த வீடுகளில் வாழ்பவர்கள், தங்கள் புளோக் அத்திட்டத்துக்குத் தேர்வானால், தாமே வாக்களித்து அம்முடிவை எடுக்க வேண்டியிருக்கும்.